வண்டியே செய்யும் கதவடைப்பு!

தோழா!

'வண்டி பூட்டியாயிற்றா?' என்று நம் பாட்டனார் கேட்டால், பயணம் புறப்படப் போகிறது என்று பொருள். மாட்டை நுகத்திலே பூட்டி, மூட்டையை ஏற்றி, மணி குலுங்கச் சந்தைக்குக் கிளம்பிவிட்டது வண்டி என்று பொருள். அதே சொல்லை இன்று இங்கிலாந்து நாட்டு வீதியிலே நிற்கும் பார்சல் வேனுக்குப் பொருத்திப் பார். 'வண்டி பூட்டிக்கொண்டது' என்றால், பயணம் நின்றது, பாட்டாளி தெருவிலே நிற்கிறான், அன்றைய பிழைப்பிலே மண் விழுந்தது என்று பொருள்!

காட்சியைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறேன், பார். லண்டன் மாநகரின் புறத்தே ஒரு தெரு. டிசம்பர் மாதம், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் காலம். தூறிக்கொண்டிருக்கிறது வானம். வெள்ளை வேன் ஒன்று வந்து நிற்கிறது. குதிக்கிறான் ஓட்டுநன். பின்பக்கம் ஓடுகிறான். கதவைத் திறந்து, குனிந்து, குவிந்து கிடக்கும் பெட்டிகளிலே உரியதைத் தேடி எடுக்கிறான். ஒரு கையிலே பார்சல். மறு கையிலே வழி காட்டும், கையொப்பம் வாங்கும், எத்தனை முடித்தாய், இன்னும் எத்தனை என்று கணக்குக் கேட்கும் கருவி. சாவி எங்கே இருக்க வேண்டும்? கடவுளர்க்கு நான்கு கை, ஆறு கை, பன்னிரண்டு கை என்று எழுதிவைத்தவர்கள், பார்சல் சுமப்பவனுக்கு ஒரு மூன்றாவது கையை எழுதிவைக்க மறந்துவிட்டார்கள்! ஆகவே சாவியை ஒரு நொடிக்கு ஒரு பெட்டியின் மேல் வைத்தான். காற்று தள்ளிற்று கதவை. அல்லது அவன் முழங்கையே தள்ளிற்று. 'டப்' என்றது ஓசை.

முடிந்தது! உள்ளே சாவி. உள்ளே இன்னும் அறுபது வீட்டுப் பொருள்கள். உள்ளே அவன் மேலங்கி, அவன் கட்டிக்கொண்டு வந்த ரொட்டி. கைப்பேசியைத் தாங்கியிலே விட்டு இறங்கியவனாக இருந்தால், அதுவும் உள்ளே; கண்ணாடி வழியே பார்க்கலாம், எடுக்க முடியாது. வெளியே நிற்கிறான், கையிலே ஒரே ஒரு பார்சலுடன்.

"கவனக்குறைவு! கைச்சாவியைக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு வேலை எதற்கு?" என்று கேட்பார்கள், மெத்தை நாற்காலியிலே அமர்ந்திருப்போர். நம்மிலேயும் சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கும் முதலிலே வந்தது. பிறகுதான் அந்தப் பூட்டைப் பற்றி விசாரித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

பூட்டிலே இரண்டு சாதி உண்டு அங்கே. ஒன்றுக்கு 'டெட் லாக்' என்று பெயர். சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் பூட்டும், திருப்பாவிட்டால் பூட்டாது. நம் திண்டுக்கல் பூட்டுகளிலே அப்படிச் சாவியைத் திருப்பினால்தான் நாக்கை நீட்டும் வகை ஒன்று இருக்கிறதே, அதன் தத்துவம். இப்படிப்பட்ட பூட்டிடம் ஒரு மனிதன் ஏமாறவே முடியாது. பூட்டுவதற்கே சாவி வெளியே கையில் இருந்தாக வேண்டும் அல்லவா?

மற்றொன்று 'ஸ்லாம் லாக்'. கதவை அறைந்தால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். சாவி தேவையில்லை, திருப்பத் தேவையில்லை, நினைக்கவும் தேவையில்லை. திறப்பதற்கு மட்டும் சாவி வேண்டும்! பார்சல் வண்டிகளுக்கென்றே, நாளெல்லாம் நூறு வாசலிலே நின்று நின்று போகும் வண்டிகளுக்கென்றே, பரிந்துரைக்கப்படுவது இந்தப் பூட்டு. காரணம் வெளிப்படை. ஒவ்வொரு வாசலிலும் சாவியைப் போட்டுத் திருப்ப ஐந்து நொடி என்று வை. நூறு வாசலுக்கு, போகும்போதும் வரும்போதும், எத்தனை நொடி? அந்த நொடிகளை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பூட்டு. பொருளுக்கும் காவல், நேரத்துக்கும் மிச்சம். ஆனால் கதவுக்கு உள்ளே சாவி இருக்கிறதா, வெளியே மனிதன் நிற்கிறானா என்று இந்தப் பூட்டு பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்று அதைச் செய்யவும் இல்லை!

இன்னும் சில வண்டிகளிலே, தொலைவிலிருந்து பொத்தானை அழுத்திப் பூட்டைத் திறந்துவிட்டு, கதவைத் திறக்கச் சற்றுத் தாமதித்தால், சில நொடிகளிலே தானே மீண்டும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. எசமானுக்கு ஏற்ற வேலைக்காரன் இந்தப் பூட்டு. சுறுசுறுப்பு அதிகம், இரக்கம் கிடையாது.

பூட்டையே எடுத்தெறி என்று நான் கூறவில்லை, தோழா. திருட்டு உண்மை. ஓட்டுநன் ஒரு வாசல்படி ஏறி இறங்குவதற்குள் வண்டியின் பின்கதவைத் திறந்து அள்ளிக்கொண்டு ஓடும் கூட்டம் அங்கே உண்டு. பொருள் போனால் அந்தப் பழியும் இந்தப் பாட்டாளியின் தலையிலேதான் வந்து விடியும். ஆகவே பூட்டு இருக்கட்டும். பூட்டால் வரும் நட்டம் யார் கணக்கிலே எழுதப்படுகிறது என்பதே என் வழக்கு.

"சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, எஞ்சினையும் ஓடவிட்டுப் பார்சலைக் கொடுத்து வந்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். கூடாது! பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு வண்டி விதிகளிலே 107ஆவது விதி என்ன சொல்கிறது? ஓட்டுநன் வண்டியை விட்டு அகன்றால் எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும், கைப்பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும் என்கிறது. சட்டம் அப்படி. இன்சூரன்ஸ் பத்திரமோ, சாவியை வண்டியிலே விட்டிருக்கும்போது வண்டி களவு போனால் காசு தரமாட்டோம் என்று பொடி எழுத்திலே எழுதி வைத்திருக்கும். ஆக, சாவியை விட்டுச் சென்றால் குற்றம். எடுத்துச் செல்லக் கை இல்லை. ஒரு நொடி கீழே வைத்தால் கதவே பகை. இப்படி மூன்று பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு, நாளுக்கு நூறு முறை இந்தச் சந்திலே ஓடு என்று சொல்லிவிட்டு, நூறிலே ஒருமுறை முட்டிக்கொண்டால், 'கண் இல்லையா உனக்கு?' என்று கேட்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த கதவடைப்பு வேறு. ஆலை வாசலிலே அறிவிப்பு ஒட்டப்படும். சங்கு ஊதாது. உள்ளே இயந்திரம் உறங்கும், வெளியே தொழிலாளி நிற்பான். பெரம்பூர்ப் பின்னி ஆலைகளிலே 1920-21இல் வேலைநிறுத்தமும் கதவடைப்புமாக நடந்த போராட்டத்தை ஏடுகளிலே படித்திருப்பாய். அந்தக் கதவடைப்புக்கு ஒரு முகம் இருந்தது. எதிர்த்து நிற்க ஒரு முதலாளி இருந்தான். பக்கத்திலே நிற்க ஆயிரமாயிரம் தோழர்கள் இருந்தனர். இந்த வெள்ளை வேனின் கதவடைப்பிலே அறிவிப்பு இல்லை, வாசலிலே கூட்டம் இல்லை. பாட்டாளி ஒருவன் தன்னந்தனியே, தானே தன்னை அடைத்துக்கொண்டதாகக் குற்றம் சுமத்தப்பட்டு நிற்கிறான்.

ஏன் தன்னந்தனி என்கிறாயா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

அந்த ஓட்டுநர்களிலே மிகப் பலர் சட்டத்தின் கண்ணிலே தொழிலாளியே அல்லர்! 'சுயதொழில் புரிவோர்'. கேட்கவே இனிக்கிறது அல்லவா? தனக்குத் தானே எசமான்! சட்டையிலே நிறுவனத்தின் பெயர், வண்டியிலே நிறுவனத்தின் வண்ணம், எந்தத் தெரு முதலில் எந்தத் தெரு அடுத்து என்று நிறுவனத்தின் கட்டளை. வேனுக்கு வாடகை அவன் தருகிறான், எண்ணெய் அவன் போடுகிறான், கூலியோ பார்சலுக்கு இத்தனை என்று. நேரத்துக்குக் கூலி இல்லையாதலால், பூட்டிய கதவின் முன்னே நிற்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பென்னியும் இல்லை. பூட்டுத் திறப்பவனை அழைத்தால் அவனுக்கு இவன்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காத பார்சல்களுக்குக் காசு இல்லை. எசமான் பட்டம் சூட்டியவர்கள் நட்டத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, இலாபத்தை எடுத்துப் பெட்டியிலே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அந்தப் பெட்டியின் சாவி ஒருநாளும் உள்ளே மாட்டிக்கொள்வதில்லை!

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதே. டிபிடி என்னும் பெரிய பார்சல் நிறுவனத்திலே, தன் வழித்தடத்துக்கு ஒருநாள் வராமலும், மாற்று ஆளை அனுப்பாமலும் போகும் ஓட்டுநரிடம் 150 பவுன் பிடிக்கும் முறை இருந்தது. நீரிழிவு நோயாளியான ஓட்டுநர் ஒருவர், 2017இல் மருத்துவரைக் காணச் சென்ற நாளுக்காக அந்த 150 பவுனைச் சுமந்தார். 2018 ஜனவரியில் அவர் மாண்டார். அந்தத் தண்டம்தான் அவரைக் கொன்றது என்று நான் தீர்ப்பெழுதவில்லை. ஆனால் அந்நாட்டு ஏடுகள் எழுதின, மன்றத்திலே பேசினர், மக்கள் கொதித்தனர். 2018 மார்ச்சிலே அந்தத் தண்டத்தைக் கைவிட்டது நிறுவனம். விடுப்பூதியமும் நோய்க்கால ஊதியமும் கொண்ட புது ஏற்பாட்டையும் ஓட்டுநர்கள் முன் வைத்தது. ஒரு சாவுக்குப் பிறகு!

தண்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே பிரிட்டனிலே 1896இல் ஒரு சட்டம் செய்தார்கள், 'டிரக் சட்டம்' என்று. மோட்டார் டிரக்கைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. தொழிலாளிக்கு அபராதம் போடுவதானால், எந்தெந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அந்தச் செயலால் எசமானுக்கு நட்டமோ இடையூறோ நேரக்கூடியதாக இருக்க வேண்டும். தொகை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் வேலி கட்டியது அச்சட்டம். விக்டோரியா மகாராணியார் காலத்துச் சட்டம்! தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தது. 1986இலே, தாட்சர் அம்மையாரின் ஆட்சியிலே, அதை நீக்கி வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். இறங்கும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்து என்று ஓட்டுநனுக்கு விதி வகுத்த அதே 1986! இப்போது அங்கே கூலிப் பிடித்தத்துக்குக் காவலாக இருப்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்திலே ஒப்புதல் பெறாமல் பிடிக்காதே என்கிறது அது. ஆனால் 'தொழிலாளி'யைத்தான் காக்கும். தனக்குத் தானே எசமானைக் காக்காது. சட்டம் என்னும் வீட்டுக்குள்ளே கூரை இருக்கிறது. அதன் கதவிலும் ஒரு ஸ்லாம் லாக்!

நம் நாட்டிலேயும் இப்படி ஒரு வேலி உண்டு. 1936ஆம் ஆண்டுக் கூலிப் பட்டுவாடாச் சட்டத்தை நம் சங்கத்துப் பெரியவர்கள் மனப்பாடமாகவே சொல்வார்கள். தன் தரப்பைச் சொல்லத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தராமல் அபராதம் கிடையாது. கூலியிலே ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் அபராதம் கிடையாது. வசூலித்த அபராதமும் தொழிலாளர் நலனுக்கே போக வேண்டும். முதலாளி விழுங்கக் கூடாது. அரையணாக் கணக்கு பின்னாளிலே நூற்றுக்கு மூன்று ஆயிற்று. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தபோதும், அந்த மூன்று விழுக்காட்டு வரம்பு நின்றது. நல்லது. ஆனால் நம் தெருவிலே பையைச் சுமந்து ஓடும் இளைஞனை எந்தக் கணக்கிலே சேர்த்தார்கள்? வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவன் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலே ஓர் ஓரத்திலே எழுதினார்கள். 2023இல் தமிழகத்திலே அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது; வரவேற்றோம், வரவேற்கிறோம். நலவாரியம் நோயிலும் விபத்திலும் கை கொடுக்கும். இன்று மாலை கணக்கிலே பிடித்துக்கொண்ட நூறு ரூபாயை யார் திருப்பி வாங்கித் தருவது? அந்தக் கேள்வி லண்டனிலும் கேட்கிறது, அம்பத்தூரிலும் கேட்கிறது.

கடல் கடந்து அமெரிக்காவையும் ஒரு பார்வை பார். அங்கே யுபிஎஸ் என்றொரு நிறுவனம், பழுப்பு வண்டி, பழுப்புச் சட்டை. அந்த ஓட்டுநர்களுக்கு நெடுங்காலமாக ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்: சாவி வளையத்தை விரலிலே மாட்டிக்கொள், சட்டைப்பைக்குள் போட்டுத் தேடாதே என்று. ஓட்டுநன்மீது பரிவால் அல்ல, சாவி தேடும் நொடியை மிச்சம் பிடிக்க! பின்னர் சாவியே வேண்டாமென்று பொத்தான் வைத்தார்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது இதைத்தான்: சாவி எந்த விரலிலே இருக்க வேண்டும் என்பதைக்கூட நிறுவனமே உட்கார்ந்து கணக்கிடும் தொழில் இது. நொடி மிச்சமானால் அது நிர்வாகத்தின் திறமை. சாவி உள்ளே மாட்டினால் மட்டும் அது ஓட்டுநனின் மறதியா?

அந்தப் பழுப்புச் சட்டைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, 'டீம்ஸ்டர்ஸ்' என்று. குதிரைகளை வண்டியிலே இணையாகப் பூட்டி ஓட்டியவன் டீம்ஸ்டர். குதிரை போன பிறகும் பெயர் நின்றது. 2023இலே, ஆகஸ்டு முதல் நாள் வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தார்கள், ஏறத்தாழ 3,40,000 பேர். வெயிலிலே வேகும் வண்டியிலே குளிர்பதனம் வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளிலே ஒன்று. நாள் வருமுன்பே வந்தது உடன்பாடு: 2024 தொடக்கத்திலிருந்து வாங்கும் புது வண்டிகளிலே குளிர்பதனம்! வண்டிக்குள் எது இருக்க வேண்டும் என்பதைத் தொழிலாளி பேசித் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. குளிர்பதனத்தைப் பேச முடியுமானால் பூட்டைப் பேச முடியாதா?

பிரிட்டனிலேயே தொடங்கிவிட்டார்கள். ஹெர்மஸ் என்ற நிறுவனத்தின் பார்சல்காரர்கள், ஜிஎம்பி சங்கத்தின் துணையோடு தீர்ப்பாயம் ஏறினர். 2018இல் இவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. 2019இல் விடுப்பூதியமும் உறுதியான குறைந்தபட்ச வருமானமும் தரும் உடன்பாட்டுக்கு நிறுவனம் வந்தது. 'எவ்ரி' என்று பின்னர் பெயரை மாற்றிக்கொண்டது அந்நிறுவனம், உடன்பாட்டை அல்ல. 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கிலே உச்ச நீதிமன்றமும் ஓட்டுநர்கள் பக்கம் சொன்னது. எல்லாம் வெற்றி என்று முழங்கமாட்டேன். 2023 நவம்பரிலே அதே உச்ச நீதிமன்றம், டெலிவரூ உணவுப்பை சுமப்போர் தமக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம் என்பதைக் காரணம் காட்டி, கூட்டுப்பேர உரிமையை மறுத்தது. ஓரிடத்திலே திறந்தது, மற்றோரிடத்திலே அடைத்தது.

"எல்லாம் சரி, சாவியை இடுப்பிலே கட்டிக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு பேச்சா?" என்பாய். கட்டிக்கொள்ளட்டும்! நம் தாய்மார் கொத்துச் சாவியை முந்தானையிலே முடிந்து கொண்டு நாளெல்லாம் ஓடியாடி வேலை செய்தார்களே, ஒருநாள் தொலைத்தார்களா? ஓட்டுநனும் இடுப்புப் பட்டையிலே சங்கிலி போட்டு மாட்டட்டும். மாற்றுச் சாவியைச் சட்டைக்குள் தொங்கவிடட்டும். நான் தடுக்கவில்லை, நானே சொல்கிறேன். ஆனால் அந்தச் சங்கிலியை நிறுவனம் கொடுக்கட்டும். வாடகைக்கு விடும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாற்றுச் சாவி கிடங்கிலே தொங்கட்டும், அதை எடுத்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆள் இரவு கடைசி வண்டி திரும்பும்வரை இருக்கட்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கொடுக்கட்டும். பூட்டுக்காரனின் சீட்டை, பூட்டைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியவர்களின் மேசைக்கு அனுப்பட்டும். இவை நான்கும் ஒப்பந்தத்திலே நான்கு வரி. எழுதினால் என்ன, மை தீர்ந்துவிடுமா? இரண்டு மணி நேரம் நிற்பதற்குக் கூலி தரவேண்டும் என்று ஆகிவிட்டால், கிடங்கிலே மாற்றுச் சாவி மறுநாளே தொங்கும், பார்!

நம் சங்கக் கூட்டங்களிலே சரக்கு வண்டித் தோழர்கள் வருகிறீர்கள், பைசுமக்கும் இளைஞர்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்திலே கையைத் தூக்கி ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் குற்றம் என்று சொல்லிப் பிடித்த தொகை எவ்வளவு, எதற்காக, யாரிடம் விளக்கம் கேட்டார்கள் என்று. ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். தேதியும் எழுதுங்கள்.

தூறலிலே விட்டுவந்தோமே, அந்த ஓட்டுநன்? எதிர்வீட்டு மூதாட்டியிடம் தொலைபேசியை இரந்து வாங்கி, வீட்டுக்குச் சொல்லி, மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மாற்றுச் சாவியோடு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. கதவைத் திறந்தான். வைத்த பெட்டியின் மேலேயே, வைத்தபடியே, இருந்தது சாவி. குழந்தையை முன்னிருக்கையிலே, தாயின் மடியிலே அமர்த்திவிட்டு, கருவியைப் பார்த்தான். அறுபது வாசல் மிச்சம்.